பல்லில் எழுதிய நாட்கணக்கு

பல்லைப் பார்த்து வயது சொல்லும் வித்தை நம்மவர்க்குப் புதிதன்று. மாடு வாங்கச் செல்பவன் தரகனின் பேச்சை நம்பி விலை பேசுவதில்லை. மாட்டின் வாயைப் பிடித்துத் திறந்து, விழுந்த பல் எத்தனை, முளைத்த பல் எத்தனை என்று எண்ணிப் பார்த்த பின்னரே மடியை அவிழ்க்கின்றான். தானமாக வந்த மாட்டை மாத்திரம் அவ்வாறு பார்த்தலாகாது என்று ஒரு பழமொழியும் வைத்திருக்கின்றோம். குழந்தைக்கு முதற்பல் அரும்பியதும் யாழ்ப்பாணத்து வீடுகளிலே பல்லுக்கொழுக்கட்டை அவிப்பதும், பின்னர் விழுந்த பாற்பல்லைப் பிள்ளைகள் கூரைமேல் எறிவதும், வளர்ச்சியின் படிகளைப் பல்லைக் கொண்டே குறித்து வந்த மரபின் அடையாளங்கள்.

பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மடிந்து கல்லாகிப் போன ஒரு குழந்தையின் வயதையும் அறிஞர்கள் இன்று பல்லைப் பார்த்தே கூறுகின்றனர். ஆனால் அவர்கள் பார்ப்பது பல்லின் புறத்தையன்று, அதன் உள்ளே இருப்பதை. கூறுவதும் ஆண்டுக் கணக்கன்று, நாட்கணக்கு. எதியோப்பியாவிலே 33 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு குழந்தை 861 நாட்கள் உயிர் வாழ்ந்தது என்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை கூறிற்று. அந்த எண்ணைக் கண்டபோது நான் அடைந்த வியப்பே இதனை எழுதத் தூண்டியது. நம் பாட்டன்மாருள் எத்தனை பேருக்குப் பிறந்த தேதி சரியாகத் தெரியும்?

வியப்பு ஒருபுறமிருக்க, இறந்த குழந்தையின் வயதை இத்தனை நுட்பமாக அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். மனிதக் கூர்ப்பைப் பற்றிய மிகப் பெரிய வினாக்களுள் ஒன்று இதிலேதான் தங்கியிருக்கின்றது. சிம்பன்சிக்கு முதலாவது நிரந்தரக் கடைவாய்ப்பல் மூன்று வயதைக் கடந்த சிறிது காலத்தில் முளைக்கின்றது. மனிதப் பிள்ளைக்கு ஆறு வயதளவில் முளைக்கின்றது. கடைசிக் கடைவாய்ப்பல் சிம்பன்சிக்குப் பதினொன்று பன்னிரண்டு வயதில் வந்துவிடும். நமக்கோ பதினெட்டு வயதும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம், வராமலே போவதும் உண்டு. பற்களின் இந்தத் தாமதம் உடல் முழுவதன் தாமதத்திற்கும் ஒரு குறி. மனிதன் மெதுவாக வளர்கின்றான். நெடுங்காலம் பிறர் ஊட்டப் பிறர் காக்க வாழ்கின்றான். அந்தக் காலத்திலே மொழியையும் தொழிலையும் ஒழுக்கத்தையும் கற்றுக்கொள்கின்றான். நமது பள்ளிக்கூடங்கள் யாவும் இந்த நீண்ட பிள்ளைப்பருவத்தின்மீதே எழுப்பப்பட்டவை. அது நமக்கு எப்போது வாய்த்தது? பெருமூளை வந்தபின் வந்ததா, அல்லது அதற்கு முன்னரே வந்ததா? எலும்பைப் பார்த்து இதற்கு விடை கூறல் அரிது. பல் கூறும். ஆனால் அதனைக் கூறவைப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வில்கெம் றொண்ட்கன் 1895ஆம் ஆண்டு நவெம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியிலுள்ள வூர்ஸ்பூர்க் நகரத்து ஆய்வுகூடத்தில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில வாரங்களுள் அவருடைய மனைவியின் கையெலும்பும் விரலில் அணிந்திருந்த மோதிரமும் படத்தில் விழுந்தன. வைத்தியர்கள் அதனை உடனே கைக்கொண்டனர் என்பது யாவரும் அறிந்தது. உயிர்ச்சுவடு ஆராய்வோரும் அதிகம் பிந்தவில்லை என்பது பலருக்குத் தெரியாது. குரோசியா நாட்டிலே கிறப்பினா என்னுமிடத்தில் 1899இல் கோர்ஜானோவிச் கிறாம்பெர்கர் என்பவர் ஒரு குகையை அகழத் தொடங்கி, நியண்டர்தால் மனிதரின் எலும்புத் துண்டுகளை நூற்றுக்கணக்கில் எடுத்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அவற்றின் தாடைகளையும் பற்களையும் அவர் எக்ஸ் கதிர்ப் படமாக்கினார். அப்பற்களுட் பலவற்றில், மேலே நம் பல்லைப் போலவே தோன்றினும், உள்ளே கூழ்க்குழி அகன்று வேரினுள் ஆழ இறங்கியிருந்தது. உடைக்காமல் உள்ளே பார்த்தல் என்னும் எண்ணம் இத்துறையில் அன்றே வேர்விட்டது.

எனினும் சாதாரண எக்ஸ் கதிர்ப்படம் ஒரு நிழல். முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மயங்கும். அதிலும் உயிர்ச்சுவட்டின் உள்ளே மண் கல்லாகி நிறைந்திருக்கும்போது, எலும்பு எது, கல் எது என்று பிரித்தறிவது பெரும்பாடு. இந்த இடர்ப்பாட்டின் நடுவே எழுந்ததே தவுங் குழந்தையைப் பற்றிய நீண்ட வழக்கு. இதனைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும்.

தென்னாபிரிக்காவிலே தவுங் என்னும் ஊருக்கருகில் ஒரு சுண்ணாம்புக்கல் அகழ்விடத்திலிருந்து 1924இல் ஒரு சிறு மண்டையோடு வெளிப்பட்டது. ஜொகானஸ்பேர்க்கிலே உடற்கூற்றியல் பேராசிரியராயிருந்த றேமண்ட் டார்ட், கல்லிலே புதைந்திருந்த அம்முகத்தைத் தம் மனைவியின் பின்னலூசிகளைத் தீட்டிக்கொண்டு சிறிது சிறிதாகச் சுரண்டி விடுவித்தார். அடுத்த ஆண்டு அதற்கு ஒஸ்திராலோபிதெக்கஸ் ஆபிரிக்கானஸ் என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார். 25 இலட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அக்குழந்தைக்குப் பாற்பற்கள் யாவும் இருந்தன. முதலாவது நிரந்தரக் கடைவாய்ப்பல் அப்போதுதான் முளைத்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு அப்பல் முளைப்பது ஆறு வயதில். ஆகவே தவுங் குழந்தைக்கும் ஆறு வயது என்றார் டார்ட்.

இதில் ஒளிந்திருக்கும் சிக்கலை வாசகர் கண்டிருப்பர். ஆறு வயது என்பது அக்குழந்தை மனிதரைப் போல் வளர்ந்தது என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டால் வரும் விடை. குரங்கைப் போல் வளர்ந்தது என்று வைத்துக்கொண்டால் மூன்றரை வயதுதான் வரும். எப்படி வளர்ந்தது என்பதை அறியத்தானே வயதைக் கேட்டோம்! வயதை அறிய வளர்ச்சி வேகம் வேண்டும்; வளர்ச்சி வேகத்தை அறிய வயது வேண்டும். செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகின்றோம்.

அறுபது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1975இல் அலன் மான் என்ற அமெரிக்க அறிஞர் தென்னாபிரிக்கத் தாடைகளின் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, அவற்றில் பற்கள் உருவாகும் ஒழுங்கு மனிதனை ஒத்திருப்பதால் அவ்வினத்தாருக்கும் நீண்ட பிள்ளைப்பருவம் இருந்தது என்று வாதித்தார். 1985இல் திமோதி புரோமேஜ், கிறிஸ்தோபர் டீன் என்னும் இருவர் முற்றிலும் வேறான வழியொன்றைப் பிடித்தனர். அவர்கள் வேறொன்றோடும் ஒப்பிடவில்லை. முன்வாய்ப் பற்களின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய வரிகளை எண்ணினர். ஆதி இனத்துப் பிள்ளைகள் பலருக்கு இதுவரை கூறப்பட்ட வயது ஏறத்தாழ இருமடங்கு கூடியது என்றனர். இரண்டு ஆண்டுகளின்பின் கொன்றோய், வானியர் என்போர் தவுங் மண்டையோட்டைக் கணினி வெட்டுமுகப் படமாக்கினர். வைத்தியசாலைகளில் சி.ரி. ஸ்கான் என வழங்கும் அதே முறைதான். தாடையினுள்ளே இன்னும் முளையாது கிடந்த பற்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு வளர்ந்திருந்தன என்பது அப்படத்தில் தெளிவாயிற்று. அந்த ஒழுங்கு மனிதப் பிள்ளையினுடையதன்று; மூன்று நான்கு வயதுக் குரங்குக் குட்டியினுடையதை ஒத்திருந்தது. இம்முறைக்குக் கணித அடிப்படை வகுத்து 1979இல் கொட்ப்ரி ஹவுன்ஸ்பீல்டுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்த அலன் கோமக், தென்னாபிரிக்காவிற் பிறந்து கேப்டவுனில் அவ்வாராய்ச்சியைத் தொடங்கியவர். தவுங் குழந்தையின் வயது தன் நாட்டவன் வகுத்த வழியாலேயே தெளிந்தது என்று கூறலாம்போலும்.

அந்த வரிகள் எவை என்பதை இனிச் சொல்கின்றேன். பல்லின் வெளிப்போர்வையை மிளிரி என்பர். பல்வைத்தியர் எனாமல் என்று கூறுவது இதனையே. அதனைச் சுரக்கும் கலங்கள் இரவும் பகலும் ஒரே சீராக வேலை செய்வதில்லை. நாளுக்கு ஒருமுறை வேகம் ஏறி இறங்குகின்றது. அந்த ஏற்றத்தாழ்வு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு சில பங்கு இடைவெளியில் ஒரு மெல்லிய குறுக்குக் கோடாகப் பதிகின்றது. ஒரு கோடு, ஒரு நாள். இவற்றைவிட அழுத்தமான கோடுகளும் உண்டு. சுவீடன் நாட்டு றெற்சியஸ் என்பவரின் பெயரால் அவை வழங்குகின்றன. மனிதருள் ஒருவருக்கு ஆறு நாட்களுக்கு ஒருமுறையும் இன்னொருவருக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறையும் அவை வரலாம். ஆனால் ஒருவருடைய வாயிலுள்ள நிரந்தரப் பற்கள் எல்லாவற்றிலும் அந்த இடைவெளி ஒன்றே. இவற்றினும் வியப்பானது பிறப்புக் கோடு. முதற் கடைவாய்ப்பல்லின் மிளிரி, குழந்தை தாய்வயிற்றில் இருக்கும் கடைசி வாரங்களிலேயே உருவாகத் தொடங்கிவிடுகின்றது. பிறந்த நாளின் அதிர்ச்சி அதிலே ஒரு தழும்பாக நிலைத்துவிடும். அத்தழும்பிலிருந்து எண்ணத் தொடங்கி, வளர்ச்சி நின்ற கடைசிக் கோடு வரை எண்ணினால், குழந்தை வாழ்ந்த நாட்கள் வந்துவிடும். மனிதனோடும் ஒப்பிட வேண்டியதில்லை, குரங்கோடும் ஒப்பிட வேண்டியதில்லை. செக்கு நின்றுவிட்டது.

ஆனால் இக்கோடுகள் பல்லின் உள்ளே இருப்பவை. அவற்றைக் காண்பதற்குப் பல்லை அறுத்து, மெல்லிய சீவலாகத் தேய்த்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தல் வேண்டும். உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கும் ஒரு பல்லை அறுப்பதற்கு எந்த நூதனசாலைக் காப்பாளர் இணங்குவார்? இணங்கலாகாது என்பதே என் கருத்தும். புரோமேஜும் டீனும் மேற்பரப்பு வரிகளோடு நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். வைத்தியசாலை ஸ்கானோ இத்தனை நுண்ணிய கோட்டைக் காட்டாது.

வழி பிறந்தது பிரான்சு நாட்டுக் கிறனோபிள் நகரத்திலே. அங்கே இரு ஆறுகள் கூடுமிடத்தில் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நிறுவிய சிங்குரோத்திரன் என்னும் பெருவளையம் 1994 முதல் இயங்கி வருகின்றது. அதன் சுற்றளவு 844 மீற்றர். இலத்திரன்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில் அதனுள்ளே சுற்றுகின்றன. காந்தங்கள் அவற்றின் பாதையை வளைக்குந்தோறும் அவை எக்ஸ் கதிரை உமிழ்கின்றன. அக்கதிர் வைத்தியசாலைக் குழாயிலிருந்து வருவதோடு ஒப்பிடவொண்ணாத பிரகாசமும் சீரும் உடையது. அச்சீரினால் ஒரு தனி நன்மை உண்டு. சாதாரணப் படத்தில் கதிர் எவ்வளவு தடைப்பட்டது என்பது மட்டுமே பதிகின்றது. மிளிரியின் நாட்கோட்டுக்கும் அயலிடத்துக்கும் அதிலே வேற்றுமை தோன்றாது. இங்கோ பொருளினூடே செல்லும் அலை எவ்வளவு பிந்தியது என்பதையும் படமாக்கலாம். அந்தப் பிந்தலிலே நாட்கோடு தெரிகின்றது. போல் தபோறோ என்பவர் அங்கிருந்து இம்முறையைப் பற்களுக்குப் பொருத்தினார். பல்லை ஒரு மேடைமேல் வைத்துச் சுழற்றி ஆயிரக்கணக்கான படம் எடுத்துக் கணினியிற் சேர்த்தால், கத்தி படாமலே எந்தத் தளத்திலும் அறுத்துப் பார்க்கலாம்.

இதனால் முதலில் வந்த பெரும் பலன் மொறொக்கோ நாட்டு ஜெபல் இர்கூட் குழந்தையினுடையது. 2007இல் தான்யா சிமித்தும் தபோறோவும் அவர்தம் கூட்டாளிகளும் அக்குழந்தை ஏறத்தாழ ஏழே முக்கால் வயதில் இறந்தது என்று எண்ணிக் கூறினர். அதன் பல் வளர்ச்சி அதே வயதுடைய இக்கால ஐரோப்பியப் பிள்ளையினுடையதை ஒத்திருந்தது. அப்போது அதன் காலம் 1,60,000 ஆண்டு என்று கருதப்பட்டது; 2017இல் அவ்விடம் மறுபடி ஆராயப்பட்டு, ஏறத்தாழ 3,00,000 ஆண்டு என்றாயிற்று. அப்படியாயின் நம்மினத்தின் தொடக்க காலத்திலேயே நெடிய பிள்ளைப்பருவம் இருந்தது என்பதாகின்றது.

நியண்டர்தால் பிள்ளைகளைப் பற்றிய கதை இவ்வளவு ஒழுங்காக முடியவில்லை. பெல்ஜியத்திலே எங்கிஸ் குகையில் 1830 அளவில் சிமேர்லிங் என்பவர் எடுத்த குழந்தை மண்டையோடு, நியண்டர் பள்ளத்தாக்கின் பெயரே இவ்வினத்துக்கு வழங்குமுன் கிடைத்தது. அது நியண்டர்தால் என்று தெரிந்ததோ நூறு ஆண்டுகள் கழித்து. அதற்கு நாலைந்து வயது என்று கூறி வந்தனர். சிங்குரோத்திரன் படம் மூன்று வயது என்று 2010இல் எண்ணியது. அவர்கள் நம்மைவிட விரைந்து வளர்ந்தனர் என்று அவ்வாராய்ச்சியாளர் முடிவு செய்தனர். ஆனால் ஸ்பெயின் நாட்டு எல் சித்றோன் குகையிற் கிடைத்த ஒரு சிறுவனை ஆராய்ந்தவர்கள் 2017இல் எழுதியது வேறு: 7.7 வயதில் இறந்த அவனுடைய வளர்ச்சி பெரும்பாலும் நம் பிள்ளைகளுடையதைப் போன்றதே. முதுகெலும்பு மாத்திரம் சற்றுப் பிந்தியிருந்தது. மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருந்திருக்கலாம். பத்துப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் இருத்திப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் இவ்வேறுபாடு வியப்புத் தராது. ஒரே வயதுப் பிள்ளைகளுள் ஒருவன் பல் விழுந்து பொக்கை வாயோடு சிரிப்பான். அயலில் இருப்பவனுக்கு இன்னும் ஒன்றும் ஆடியிராது. ஓர் இனத்தின் வேகத்தை இரண்டு மூன்று வாய்களைக் கொண்டு தீர்மானிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

இவ்விடத்தில் இன்னொன்றும் கூறல் தகும். உடைக்காமல் பார்க்கின்றோம் என்பதனால் ஒரு தீங்கும் செய்யவில்லை என்று கொள்ளலாகாது. வலிய கதிர் பட்ட பற்களின் நிறம் மாறுவதும், புறஊதா ஒளியைப் பாய்ச்சியபின் அது பழைய நிலைக்கு மீள்வதும் 2012இல் எழுதப்பட்டன. நிறம் மீளும், ஆனால் பல் புதைந்து கிடந்த காலத்தில் மண்ணிலிருந்து பெற்ற கதிரியக்கத்தை அளந்து காலம் கணிக்கும் முறை ஒன்று உண்டு, அக்கணக்கு நாம் பாய்ச்சிய கதிரினால் குழம்பிவிடக்கூடும். ஆகையால் எதனை முதலில் செய்வது, எதனைப் பின்னர் செய்வது என்று திட்டமிட்டே அறிஞர்கள் பல்லைக் கதிரின் முன் வைக்கின்றனர்.

தொடக்கத்திற் குறித்த 861 நாள் குழந்தையின் பெயர் செலாம். அமைதி என்று பொருள். எதியோப்பியாவைச் சேர்ந்த செரெசெனாய் அலெம்செகெட்டின் குழுவினர் 2000ஆம் ஆண்டில் டிக்கிக்கா என்னுமிடத்தில் அதனைக் கண்டெடுத்தனர். பல்வைத்தியரின் துளைகருவியைக் கொண்டு மணற்கல்லை மணி மணியாக நீக்க அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்றன. ஒஸ்திராலோபிதெக்கஸ் அபாரென்சிஸ் என்னும் இனத்தது. மண்டையின் உட்சுவரில் மூளை பதித்த மடிப்புகளைக் கதிர் காட்டிற்று. அவை குரங்கின் மூளையமைப்பையே ஒத்திருந்தன. ஆனால் 861 நாட்களில் அம்மூளை தன் முழு அளவை நோக்கி எவ்வளவு சென்றிருந்தது என்று கணித்தபோது, சிம்பன்சியைவிட மெதுவாகவே வளர்ந்தது என்று தெரிந்தது. அமைப்புப் பழையது, வேகம் புதியது. வயது நாட்கணக்கில் தெரிந்திராவிட்டால் இந்த முடிவுக்கு வர வழியே இல்லை.

கடைசியாக வந்தது ஜோர்ஜியா நாட்டு டுமானிசி. அங்கே ஒரு பழைய கோட்டை நகரின் இடிபாடுகளுக்குக் கீழே, 17 இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மண்டையோடுகள் ஐந்து கிடைத்துள்ளன. அவர்கள் நம் ஹோமோ குலத்தின் தொடக்க காலத்தவர். மூளையோ பெருங்குரங்கினதைவிட அதிகம் பெரிதன்று. அவர்களுள் இளம்வயதினர் ஒருவருடைய பற்களைச் சூரிச் பல்கலைக்கழகத்துச் சொலிகோபர், பொன்சே டி லியோன் ஆகியோரும் தபோறோவும் ஜோர்ஜிய அறிஞர் லோர்ட்கிபனிட்சேயும் பிறரும் ஆராய்ந்து 2024 நவெம்பரில் வெளியிட்டனர். அவர் இறந்தது பதினொரு வயதைக் கடந்து சில மாதங்களில். பல் வளர்ச்சி முற்றும் நிறைவேறுவதற்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது போதுமாயிருந்திருக்கும். இது குரங்கின் கணக்கு. ஆனால் முதல் ஐந்து ஆண்டுகளில் கடைவாய்ப்பற்கள் மனிதப் பிள்ளையினுடையவை போல மெத்தெனவே வளர்ந்து, பின்னரே விரைந்தன. பாற்பல்லோடு கூடிய காலம் நீண்டது; அக்காலத்தில் யாரேனும் ஊட்டியிருத்தல் வேண்டும். மூளை பெருக்குமுன்னரே பிள்ளைப்பருவம் நீளத் தொடங்கிற்று, நீண்ட அப்பருவமே பின்னர் மூளை பெருக இடங்கொடுத்தது என்பது அவர்களுடைய எண்ணம். இதுகாறும் பலர் நினைத்துவந்த ஒழுங்கு இதனால் தலைகீழாகின்றது.

எண்ணம் அழகானது. ஆயினும் இதுவும் ஒரே ஒரு வாயின் சாட்சி. குரங்கின் பல் வளர்ச்சியிலும் இத்தகைய ஏற்றத்தாழ்வு உண்டா என்று இன்னும் பல குட்டிகளின் பற்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். டுமானிசிக் குழுவினரோ தங்கள் கருத்துக்குத் துணையாக அதே இடத்து வேறொருவரையும் சுட்டுகின்றனர். அவர் முதியவர். ஒன்றைத் தவிர எல்லாப் பற்களும் இறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே விழுந்து, பல்லிருந்த குழிகள் எலும்பு வளர்ந்து மூடிவிட்டன. மெல்ல முடியாத அவருக்கு யாரோ உணவைப் பதமாக்கிக் கொடுத்திருத்தல் வேண்டும் என்றும், அவரும் பேரப்பிள்ளைகளின் வளர்ப்பில் பங்குகொண்டிருக்கலாம் என்றும் அவர்கள் ஊகிக்கின்றனர். அந்த முதியவர் எத்தனை வயது வரை வாழ்ந்தார் என்பதை மிளிரிக் கோடுகளால் எண்ண முடியாது. மிளிரி உருவாகி முடிந்ததும் அக்கோடுகளும் முடிந்துவிடுகின்றன.